துவாரகா பிடித்து வைத்திருக்கும் இடம்

இஞ்சாருங்கோ,

புட்டு மூடி வைத்திருக்கிறேன். கத்தரிக்காய்க் கறியைச் சூடாக்கிச் சாப்பிட்டுவிட்டுக் கோபியுங்கோ.

நேற்று இரவு வேலைக்குப் போகமுதல் நீங்கள் கத்திச் சொன்னது சரிதான். அக்கா துவாரகா அந்தப் பள்ளிக்கூடத்தில் படித்துக்கொண்டிருந்தால் தம்பி மிதுசனுக்குச் சீட்டுக் குலுக்கல் இல்லாமலே அங்கே இடம். அவள் விலகினால் அவன் பெயரும் மற்றப் பிள்ளைகளோடு குலுக்கலுக்குப் போகும். விழுந்தால் அதிர்ஷ்டம்.

ஆனால் துவாரகா அங்கே ஒரு சிநேகிதிகூட இல்லாமல் தினமும் அழுதுகொண்டுதான் போகிறாள். நாங்கள் சண்டை பிடித்ததையும் கேட்டிருக்கிறாள். காலையில் தலை பின்னும்போது மெதுவாகக் கேட்டாள்: "அம்மா, தம்பி உள்ளுக்கு வந்தாப் பிறகு நான் வேற பள்ளிக்கூடம் போகலாம்தானே? அதுவரைக்கும் அழமாட்டன்."

சீப்பு அப்படியே நின்றுவிட்டது. பஸ்ஸில் இடம் பிடிக்க சீட்டில் கைலேஞ்சி போடுவோமே, அப்படித்தான் பிள்ளையை அங்கே போட்டு வைத்திருக்கிறோம்.

பக்கத்துப் பள்ளிக்கூடத்தில் இன்றைக்கே அவளைப் பதியப் போகிறேன். மிதுசன் குலுக்கலில் நிற்கட்டும்.

சுதாஜினி

பி.கு.: காரை நான் கொண்டுபோகிறேன், திறப்பு என்னிடம். வேலைக்கு மெட்ரோவில் போங்கோ.

இன்னொன்று. பின்னேரம் அவளைக் கூட்டிவரும்போது பள்ளிக்கூடம் மாறுகிறதை நீங்களே சொல்லுங்கோ, அப்பா சொன்னால்தான் நம்புவாள். அழுதால் மறிக்காதேங்கோ. நல்லா அழட்டும்.