அக்கா வந்தால் படுத்துக்கொண்டவருக்கு

என் அன்பான பாபு அப்பாவுக்கு,

எழுத்து கோணலாக இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள். நீங்கள் போன மறுவருஷமே எனக்கு வலது கையும் காலும் இழுத்துக்கொண்டன. உங்களுக்கு வந்த அதே பிசியோதெரபி பெண்தான் நம் செவிலிமேட்டு வீட்டுக்கு இப்போது எனக்காக வருகிறாள். கைக்குப் பயிற்சியாகத் தினம் நாலு வரி எழுதச் சொல்லியிருக்கிறாள். உங்களை விட்டால் யாருக்கு எழுதுவேன்?

அலுப்பாக இருக்கிறது. ஜாக்கெட் கொக்கி மாட்டவே கால் மணி நேரம் ஆகிறது. மாட்டி முடித்ததும் திரும்பப் படுத்துவிடலாமா என்றிருக்கிறது. நுரையீரலில் புற்றுநோயை வைத்துக்கொண்டு நீங்கள் எப்படித்தான் தினம் எழுந்தீர்களோ?

முதல் நாள் அந்தப் பெண் உங்களிடம், "எத நீங்களே செஞ்சிக்கணும்னு ஆச சார்?" என்று கேட்டாள். "கடைசி வரைக்கும் என் தலைக்கு நானே தண்ணி ஊத்திக்கினா போதும்மா" என்றீர்கள். பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து, மூச்சை விட்டுக்கொண்டே சொம்பைத் தூக்கவும், இரண்டு சொம்புக்கு நடுவே இளைப்பாறவும் கற்றுக்கொண்டீர்கள். குளித்துவிட்டு ஈரத்தலையோடு ராஜா மாதிரி வந்து உட்காருவீர்கள்.

மாகறலிலிருந்து வந்த உங்கள் அக்கா அதைப் பார்த்துவிட்டார். "நோயாளிய தண்ணி மொண்டு ஊத்திக்க உட்டுட்டு, இவ அடுப்பாண்ட நின்னுக்கினு இருக்கறா. இன்னா பொம்பளையோ!" தெருவுக்கே கேட்டது. அவரைச் சொல்லியும் குற்றமில்லை, இடுப்பில் தூக்கி வளர்த்த தம்பி. எனக்குத்தான் சுருக்கென்று தைத்துவிட்டது.

அதற்குப் பிறகு கேட் சத்தம் கேட்டாலே கட்டிலில் ஏறிப் படுத்துக்கொள்வீர்கள். "அக்கா வருது, ஸ்பூன எடும்மா" என்று கண்ணடிப்பீர்கள். நான் கஞ்சி ஊட்டுவேன். பார்த்தவர்கள் எல்லோரும் என்னை மெச்சினார்கள். என் பேரைக் காப்பாற்ற நீங்கள் நடித்தீர்கள். நானும் நடிக்க விட்டேன்.

"ஒரு நாள் படுக்க வெச்சா, எழுப்ப நாலு நாள் ஆவும்மா" என்று அந்தப் பெண் தலையில் அடித்துக்கொண்டாள். நான் கேட்டேனா? பார்க்க வரும் ஆட்கள் கூடக் கூட, படுக்கையும் கூடிப்போயிற்று. கடைசி மாதம் நீங்கள் அந்த நாற்காலியில் உட்காரவே இல்லை. உங்களிடமிருந்து நோய் பிடுங்கியது எவ்வளவு, நான் பிடுங்கியது எவ்வளவு? நீங்கள் போன அன்று வாசலில் வைத்து ஆளுக்கொரு சொம்பு ஊற்றினார்கள். முதல் சொம்பு அக்காதான். என்னால் அங்கே நிற்க முடியவில்லை.

நாளைக்கு அக்கா என்னைப் பார்க்க வருகிறார். நம் மருமகள் சுமதி காலையிலிருந்தே பதறிக்கொண்டிருக்கிறாள். "அத்தே, மாகறல் அத்தை இருக்கற வரைக்கும் படுத்துக்கினு இருங்களேன். நானே ஊட்டி உட்டுடறேன்" என்கிறாள். ஸ்பூனைக்கூடக் கழுவி வைத்துவிட்டாள்.

படுத்துக்கொள்ள எனக்கும் ஆசைதான். சத்தியமாக ஆசைதான். ஆனால் மாட்டேன். அக்காவுக்குக் குடிக்கத் தண்ணீரை நானே மொண்டு, இந்தக் கையாலேயே கொண்டுபோய்க் கொடுப்பேன். பாதி சிந்தும். அவர் சுமதியைத் திட்ட வாயெடுப்பதற்குள், உங்களுக்காக அன்றைக்குச் சொல்லாததைச் சொல்லிவிடுவேன். "அவரும் நல்லாத்தான் குளிச்சிக்கினு இருந்தாருக்கா. நாமதான் படுக்க வெச்சிட்டோம்."

இப்படிக்கு,
இன்னும் உங்கள் வீட்டுக்காரியான
பாபு அம்மா