கியோத்தோ அக்காவா, தங்கச்சியா?

ஒக்டோபர் 6, திங்கள்

தூறல். குடையை ரெயினில் மறந்து இறங்கிவிட்டேன். கடையில் கூட்டமில்லை. கொழும்புக்கு விமான ரிக்கெற் இரண்டு, சென்னை ஒன்று.

மத்தியானம் விழாக் குழுவின் கிளேர் வந்தாள். சனிக்கிழமை எங்கள் தமிழ்க் கடைத்தெருவான லா சப்பலின் மண்டபத்தில் ஜப்பான் விழா. பாரிசின் சகோதர நகரம் கியோத்தோவிலிருந்து ஆட்கள் வருகிறார்கள். வாசல் பதாகையில் பிரெஞ்சும் ஜப்பானியமும் மட்டும் என்றிருந்தார்கள். "இந்தத் தெருவில் தமிழ் இல்லாமல் என்ன வரவேற்பு?" என்று கூட்டத்தில் நான் போட்ட சத்தத்துக்குப் பலன்: தமிழிலும் ஒரு வரி! எழுதுவது நான். வியாழன் அச்சுக்கு.

அடேயப்பா!

ஒக்டோபர் 7, செவ்வாய்

வெயில் மாதிரி ஏதோ ஒன்று. தலையிடி.

'சகோதர நகரமே வருக' - எழுதினேன், வெட்டினேன். நோட்டீஸ் மாதிரி. வீட்டில் யாரை அப்படிக் கூப்பிடுகிறோம்? ஒன்றில் அக்கா, இல்லாவிட்டால் தங்கச்சி.

ரிக்கெற் எடுக்க வந்த ராசன் அண்ணையைக் கேட்டேன்.

"பாரிஸ்தானே பழைய ஊர்? அப்ப அவை தங்கச்சி."

"என்ன அண்ணை, வீட்டுக்கு வாறவையை மட்டம் தட்டுறதே?"

"ஓம், அதுவும் சரிதான். அக்கா எண்டே போடு பிள்ளை."

அனுப்பிவிட்டேன்: வாங்கோ, கியோத்தோ அக்கா!

8, புதன்

வாங்க: குடை, செத்தல் மிளகாய், தலையிடிக் குளிசை (நிறைய).

கிளேர் போன். கைப்பேசியில் மொழிபெயர்த்துப் பார்த்தார்களாம், 'மூத்த சகோதரி' என்று வந்ததாம். குழு ஒரே பிடி: இரண்டு நகரமும் சமம், மூத்தது இளையது கூடாது. வெறும் சகோதரி என்று மாற்று, இல்லையேல் தமிழ் வரியே இல்லை.

வயது தெரியாத சகோதரி எங்கள் வீடுகளில் பிறப்பதில்லை என்றேன். அவள் சிரிக்கவில்லை. எனக்குக் கோபம் ஏறிவிட்டது. ஜப்பான்காரரையே கேள் என்று போனை வைத்துவிட்டேன்.

வைத்த பிறகு பயம். தெரு முழுக்கத் தமிழ், வாசலில் மட்டும் இல்லை என்று ஆகிவிடுமோ? என் வாயால் கெட்டதாகிவிடுமோ?

9, வியாழன்

மழை. கடை திறக்க முன்னமே கிளேர் வாசலில், மூச்சு வாங்க. ஜப்பான் குழுவின் மொழிபெயர்ப்புப் பெண்ணைக் கேட்டாளாம். அவள் விழுந்து விழுந்து சிரித்தாளாம். அவர்களிடமும் இதே கதை! அக்காவுக்கு ஒரு சொல், தங்கைக்கு ஒரு சொல். சகோதர நகரம் என்பதையே அக்கா-தங்கை நகரம் என்றுதான் எழுதுவார்களாம். எது அக்கா என்று மட்டும் அவளறிய யாரும் கேட்டதில்லையாம்.

வரி அப்படியே அச்சுக்கு! கிளேரைக் கட்டிப்பிடித்துக் கொஞ்சினேன். ராசன் அண்ணைக்குப் போன் போட்டுக் கத்தினேன்.

"ஐயோ பிள்ளை, என்ரை காது!"

11, சனி

குளிர், ஆனால் நல்ல வெளிச்சம். மயில் பச்சைச் சேலை. வாசலில் மூன்று மொழி. எங்கள் எழுத்துத்தான் வடிவு, சும்மா சொல்லவில்லை. கடைக்காரர் எல்லோரும் படம் எடுக்கிறார்கள்.

"ஆர் எழுதினது?"

"நான்தான்!"

எத்தனை தரம் சொன்னேனோ. அலுக்கவேயில்லை.

கியோத்தோ குழுவின் தலைவி, தலை நரைத்த அம்மா, பதாகையின் கீழ் நின்றார். மொழிபெயர்ப்புப் பெண் வாசித்துக் காட்டினாள். அம்மா தலையை ஆட்டி மறுத்தார். விருந்தாளி தங்கையாம், வீட்டுக்காரிதான் அக்காவாம். நான் விடுவேனா? நீங்கள்தான் அக்கா என்றேன். இல்லை, நீங்கள் என்றார். அவர் குனிய நான் கும்பிட, நான் கும்பிட அவர் குனிய, பின்னால் வரிசை தெருவரை. கிளேர் நடுவில் கையை விரித்தபடி.

அம்மா அந்தப் பெண்ணின் காதில் ஏதோ கேட்டார். இரண்டு தரம் வாய்க்குள் சொல்லிப் பார்த்தார். பிறகு என் கையைப் பிடித்து, தெருவே கேட்க, தமிழில்:

"வாங்கோ, அக்கா!"

என்னையே உள்ளே கூட்டிக்கொண்டு போனார்.