முழங்கால் கவசம் போட்ட மருமகன்

கொட்டாஞ்சேனை வீட்டில் எனக்கென்று ஒரு கதிரையும் பெரிய மீன் தலையும் எப்போதும் எடுத்து வைத்த அன்பு மாமாவுக்கு,

நீங்கள் போன பிறகு இரண்டு நத்தார்ப் பண்டிகைகள் வந்து போய்விட்டன. ஜெனிற்றாவோடு உங்கள் கல்லறைக்கு வரும்போதெல்லாம் நான் பக்கத்தில் நின்று, உங்களிடம் மனசுக்குள் இரண்டு வார்த்தை கதைத்துவிட்டுத்தான் திரும்புவேன். போன நவம்பர், மரித்தோர் திருநாளுக்கு வந்தபோது அது முடியவில்லை. உங்கள் மகள் காலில் பிளாஸ்ரர் போட்டு, ஊன்றுகோலில் சாய்ந்து நின்று மெழுகுதிரி ஏற்றினாள். நான் சேமக்காலை வாசலிலேயே நின்றுகொண்டேன். உங்களுக்கு முகம் காட்ட வெட்கமாக இருந்தது. அன்றைக்குச் சொல்லாததை இன்றைக்கு எழுதுகிறேன்.

முதலில் வீட்டுப் புதினம். நீங்கள் ஏறினால் ஒரு பக்கம் சாயும் என்று நாங்கள் பகிடி பண்ணுகிற அந்தச் சின்னக் காரை விற்றுவிட்டோம். விலைவாசி அப்படி. இப்போது மோட்டார் சைக்கிள்தான். காலையில் வெள்ளவத்தையில் இருந்து மரைன் டிரைவ் வழியாகக் கிளம்பி, காலிமுகத்திடல், கோட்டை என்று கடந்து, கொட்டாஞ்சேனையில் ஜெனிற்றாவைப் பாடசாலை வாசலில் இறக்குவேன். பிறகு திரும்பி வந்து கோட்டையில் என் கந்தோர் வேலை. ரீச்சர் என்றால் சேலை கட்டத்தானே வேண்டும்? ஆகவே அவள் ஒரு பக்கமாகக் கால் இரண்டையும் தொங்கப் போட்டுக்கொண்டு பின்னால் இருந்து வருவாள். கடற்காற்று இருக்கும்வரை சுகம். கோட்டை சிக்னலில் நின்றால் கீழே என்ஜின் சுடும், மேலே வெயில் சுடும்.

எங்கள் கந்தோரில் ஒருவர் தெமட்டகொடைப் பாலத்தடியில் வழுக்கி விழுந்தார். எலும்பு முறியவில்லை. ஆனால் முழங்கால் சில்லில் தோலே இல்லை. அவர் கைப்பிடியைப் பிடித்து ஒவ்வொரு படியாக ஏறுவதைப் பார்த்த அன்று எனக்கு என் முழங்கால்மேல் திடீரென்று பாசம் பொங்கிவிட்டது. வண்டி ஓடுகிறவர்கள் காலுக்குப் போடுகிற பாதுகாப்புக் களிசான் ஒன்று வாங்குவது என்று முடிவெடுத்தேன்.

அது கொழும்பு வெயிலில் லேசான காரியமில்லை, மாமா. தோலில் தைத்தது உண்டு, அதைப் போட்டால் வீடு வந்து சேரும்போது மனிதன் அவிந்திருப்பான். வெளியில் ஜீன்ஸ், உள்ளே முரட்டு லைனிங் என்று ஒன்று உண்டு. பார்க்க நல்ல வடிவு, ஆனால் வியர்வையைக் குடித்துக் கல்லாகக் கனக்கும். எங்களுக்குத் தோது வலைத்துணியில் தைத்ததுதான். தொடையிலும் கெண்டையிலும் காற்றுப் புகும். விழுந்தால் தேயக்கூடிய இடங்களில் மட்டும் தடித்த துணி. முழங்காலில் கவசம். உள்ளே மெல்லிய பருத்தியில் நீளமாக ஒன்றைப் போடாவிட்டால் வேர்க்குரு போட்டுவிடும். எங்கெங்கே போட்டது என்று உங்களிடம் சொல்ல முடியாது.

இன்னொன்றும் உண்டு. நின்று பார்த்தால் கவசம் சரியான இடத்தில் இருக்கும். வண்டியில் இருந்து காலை மடக்கினால் மேலே ஏறிவிடும். முழங்காலை விட்டுவிட்டுத் தொடையைக் காப்பாற்றுகிற கவசத்தால் யாருக்கு லாபம்? ஆகவே ஏறி இருந்து பார்த்துத்தான் வாங்க வேண்டும். இந்தப் புத்தி எனக்கு வந்ததென்று நினைக்க வேண்டாம். பஞ்சிகாவத்தைக் கடையில் நிறுத்தி வைத்திருந்த வண்டியில் என்னை ஏற்றி இருத்தி, தான் சீமெந்துத் தரையில் முழந்தாளிட்டு, என் முழங்காலை அமத்தி அமத்திப் பார்த்தது உங்கள் மகள். முதல் இரண்டும் சரியில்லை என்று கடைக்காரரிடம் சிங்களத்தில் கதைத்து வேறு அளவு எடுப்பித்தாள். கறுப்பு வேண்டாம், வெயிலை இழுக்கும், சாம்பல் நிறம் பாருங்கள் என்றாள்.

என் வேலை முடிந்தபின் அங்கே மடித்துக் கிடந்த, பெண்களுக்கான ஒன்றை எடுத்துத் தன் இடுப்பில் வைத்துப் பார்த்தாள். தானும் இதைப் போட்டால் என்ன என்று கேட்டாள். அம்மா வீடு பாடசாலையில் இருந்து கூப்பிடு தூரம்தானே, இதைப் போட்டு இரண்டு பக்கமும் கால் போட்டு வந்து, அம்மா வீட்டில் சேலையைக் கட்டிக்கொண்டு நடந்து போகலாம் என்றாள். நன்றாக யோசித்துத்தான் கேட்டிருக்கிறாள்.

நான் சிரித்தேன். “உமக்கேன் இது? சனம் பாத்தா என்ன சொல்லும்?” என்றேன். கடைக்காரரும் சேர்ந்து சிரித்தார். ஜெனிற்றா அதை முன்பிருந்தது போலவே மடித்து வைத்துவிட்டாள்.

சனம் என்று நான் சொன்னது யாரை? எங்கள் தொடர்மாடியைத்தான். கீழ்த்தட்டில் என் பெரியம்மா இருக்கிறா. அதற்கு மேல் மாடிக்கு மாடி எங்கள் ஊர்ச்சனம். ஒரு வீட்டில் தாளித்தால் மூன்றாம் வீட்டில் தும்முவார்கள். வேதக்காரப் பெட்டையைக் கட்டியவன் என்ற பேர் எனக்கு ஏற்கெனவே உண்டு. அவள் களிசானும் மாட்டி, ஆம்பிளை மாதிரிக் கால் போட்டு, என் பின்னால் இருந்து போவதை அவர்கள் பல்கனியில் நின்று பார்ப்பார்கள் என்று நினைக்கவே எனக்குக் கூசியது. என்னுடைய களிசானைப் பார்த்து கந்தோரில் விண்வெளிக்கா போகிறீர் என்று கேட்டார்கள். அதை நான் சிரித்துக்கொண்டு தாங்கினேன். அவளுக்காக ஒரு சொல் தாங்க என்னால் முடியவில்லை.

ஒக்டோபரில், லேசாகத் தூறி ஓய்ந்த ஒரு காலையில், ஜம்பட்டா வீதித் திருப்பத்தில் முன்னால் போன ஓட்டோ சட்டென்று நின்றது. நான் பிரேக் பிடித்தேன், ஈரத்தில் சில்லு இழுத்துக்கொண்டு போனது. வண்டி இடப்பக்கம் சாய்ந்து விழுந்தது. அவள் காலைத் தொங்கப் போட்டிருந்த பக்கம். என் முழங்கால் தாரில் அடித்த சத்தம் கேட்டது, நோகவில்லை. கவசம் தன் வேலையைச் செய்தது. நான் உடனே எழும்பி நின்றேன்.

மாமா, இதை எழுதாமல் விட்டால் இந்தக் கடிதமே பொய். எழும்பிய நான் முதலில் குனிந்து என் முழங்காலைத் தடவிப் பார்த்தேன். கண் மூடித் திறக்கிற நேரம்தான். அதற்குப் பிறகுதான் திரும்பினேன். ஜெனிற்றாவின் கால் வண்டிக்கு அடியில் கிடந்தது. சேலை கம்பியில் சிக்கிக் கிழிந்து, முழங்காலில் இருந்து கணுக்கால்வரை தோல் உரிந்து கிடந்தது. அவள் அழவில்லை. என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். நான் என் காலைத் தடவியதை அவள் பார்த்திருந்தாள்.

ஆஸ்பத்திரியில் கணுக்கால் எலும்பு வெடித்திருக்கிறது என்று பிளாஸ்ரர் போட்டார்கள். கிட்ட இருக்கிறதே என்று உங்கள் வீட்டுக்குத்தான் கூட்டிக்கொண்டு போனேன். மாமி வாசலில் நின்றா. ஜெனிற்றாவைக் கைத்தாங்கலாகக் கொண்டுவந்து படுக்க வைத்தோம். பிறகு மாமி எனக்கு முதலில் தேத்தண்ணி கொண்டுவந்து தந்தா. என் முழங்காலைப் பார்த்தா. “தம்பிக்கு ஒண்டும் இல்லைத்தானே? மாதாதான் காப்பாத்தினது,” என்று சொல்லி, மாதா படத்துக்கு முன்னால் போய் மெழுகுதிரி கொளுத்தினா. என் முழங்காலுக்காக, மாமா. தன் பிள்ளை உள்ளே காலைத் தூக்கி வைத்துக்கொண்டு கிடக்கிறாள், மாமி மருமகனின் காலுக்கு நன்றி சொல்கிறா.

அடுத்த நாள் காலையில் என் களிசான் துவைத்து, காய்ந்து, கதிரையில் மடித்துக் கிடந்தது. முழங்காலில் கிழிந்த இடத்தை மாமி தன் தையல் மெஷினில் போட்டு, கிழிந்ததே தெரியாமல் தைத்திருந்தா. ஜெனிற்றா கட்டிலில் கிடந்தபடி அதைப் பார்த்தாள். எனக்கு அதைக் கையில் எடுக்கவே முடியவில்லை.

மாமியைக் குறை சொல்லவில்லை. மருமகனுக்கு முதல் கோப்பை, மருமகனுக்கு மின்விசிறிப் பக்கத்துக் கதிரை, மருமகன் சாப்பிட்ட பிறகுதான் மற்றவர்கள் என்று அந்த வீட்டைப் பழக்கியது நீங்களும்தான். நானும் ஒருநாளும் வேண்டாம் என்று சொன்னவன் இல்லை. நன்றாகத்தான் இருந்தது. ஆனால் ஒன்று கேட்கிறேன். அன்றைக்கு நீங்கள் வாசலில் நின்றிருந்தால் முதலில் யாருடைய காலைப் பார்த்திருப்பீர்கள்?

ஒரு கிழமை கழித்து, நாங்கள் இரண்டு பேரும் தனியாக இருந்த நேரம், உமக்கும் அந்தக் களிசான் வாங்கித் தருகிறேன் என்று மெல்லச் சொன்னேன். அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். கோபமா என்று கேட்டேன்.

“கோவம் இல்லை,” என்றாள். “அண்டைக்குக் கடையில நான் விளையாட்டுக்குக் கேட்டனான் எண்டு நினைச்சீங்களா? எனக்குப் பயம். ஒவ்வொரு நாளும் உங்கட பெல்ட்டைப் பிடிச்சுக்கொண்டு, பஸ் கிட்ட வரேக்க காலை மடக்கிக்கொண்டு, பயந்து பயந்துதான் வந்தனான். அதை உங்களிட்டச் சொல்லத் தெரியாமத்தான் களிசானைக் கேட்டனான். நீங்கள் அந்த மனிசனோட சேந்து சிரிச்சீங்கள்.”

பிளாஸ்ரர் போட்ட காலைத் தலையணையில் நகர்த்தி வைத்துக்கொண்டாள். “விழுந்ததுக்கு ஆரும் என்ன செய்யிறது? றோட்டு வழுக்கினது. நீங்கள் முதல்ல உங்கட காலைத் தொட்டுப் பாத்தீங்களே. அதுக்குப் பிறகு உங்கட முகத்தைப் பாக்க எனக்குத்தான் வெக்கமாக் கிடந்தது.”

மன்னிப்புக் கேட்டேன். கேட்டேன் என்று சொல்ல மட்டும்தான் முடிகிறது. அது அவள் காதில் எப்படி விழுந்தது என்று எனக்குத் தெரியாது.

நத்தாருக்கு முன் பிளாஸ்ரரைக் கழற்றினார்கள். கொஞ்ச நாள் பஸ்ஸில் போய்வந்தாள். நெரிசலில் கணுக்கால் வீங்கியது. பிறகு ஒரு சனிக்கிழமை, கடைக்குப் போவோமா என்று அவளாகவே கேட்டாள். இந்த முறை நான் வாயைத் திறக்கவில்லை. பெண்கள் அளவில் வலைத்துணியில் கறுப்பு மட்டும்தான் இருந்தது. வெயிலை இழுத்தாலும் பரவாயில்லை, அளவு சரியாக இருக்க வேண்டும் என்றாள். வண்டியில் ஏறி, காலை மடக்கி, தன் கையாலேயே கவசத்தை அமத்திப் பார்த்தாள். கணுக்காலை மூடுகிற சப்பாத்து ஒன்றும் எடுத்தாள். நான் குனிந்து பார்க்கட்டுமா என்று கேட்டேன். வேண்டாம், சரியாக இருக்கிறது என்றாள்.

இன்றைக்குத் திங்கட்கிழமை. நத்தார் விடுமுறை முடிந்து பாடசாலை தொடங்கியது. சேலையை ஒரு பையில் மடித்து வைத்துக்கொண்டு, களிசானும் சப்பாத்துமாக ஜெனிற்றா என்னோடு கீழே இறங்கினாள். கேற்றடியில் பெரியம்மா சுவாமிக்குப் பூ ஆய்ந்துகொண்டு நின்றா. ஜெனிற்றாவை ஏற இறங்கப் பார்த்தா.

“என்ன பிள்ளை இது கோலம்? சேலை எங்க?”

ஜெனிற்றா என்னைப் பார்த்தாள்.

“பெரியம்மா, நான் சனத்துக்கு வெக்கப்பட்டு வேண்டாம் எண்டதாலதான் அவவின்ர கால் இப்பிடிப் போனது,” என்றேன். “இனி இப்பிடித்தான் வருவா.”

பெரியம்மா பூவைக் கூடைக்குள் போட்டுவிட்டு, சரி, கவனமாகப் போய் வாருங்கள் என்றா. அவ்வளவுதான். இதற்காகவா நான் இவ்வளவு நாள் பயந்தேன்?

இதோடு கடிதத்தை முடித்தால் நான் நல்லவன் ஆகிவிடுவேன். ஆனால் ஹெல்மெட்டை மாட்டும்போது என் கண் தானாக மேலே போனது, எந்தப் பல்கனியில் யார் நிற்கிறார்கள் என்று. அதையும் ஜெனிற்றா பார்த்துவிட்டாள். ஏறி, இரண்டு பக்கமும் கால் போட்டு இருந்தாள். வண்டியை எடுத்தபோது அவள் கை என் பெல்ட்டுக்கு வருமென்று காத்திருந்தேன். வரவில்லை. சீற்றுக்குப் பின்னால் இருக்கிற கம்பியைப் பிடித்துக்கொண்டாள். கொட்டாஞ்சேனைவரை அப்படியே வந்தாள்.

மாமா, உங்களிடம் பெரிய சத்தியம் எதுவும் செய்ய எனக்கு வாய் வரவில்லை. சின்னதாக ஒன்று சொல்கிறேன். நாளைக்கும் நாங்கள் கீழே இறங்குவோம். நான் மேலே பார்க்க மாட்டேன். அவள் ஏறி, கால் இரண்டும் சரியாக இருக்கிறதா என்று பார்த்த பிறகுதான் வண்டியை எடுப்பேன். எதைப் பிடித்துக்கொண்டு வருவது என்பது அவள் விருப்பம். நான் கேட்க மாட்டேன், மெல்லத்தான் ஓடுவேன்.

வழமைபோல உங்கள் மருமகன் என்று எழுதிப் பார்த்தேன், மாமா. கை போகவில்லை.

இப்படிக்கு,
ஜெனிற்றாவின் புருஷன்,
சுதாகரன்