நின்று திரும்பும் டாங்கி

லிங்கன்,
11 பிப்ரவரி 2014

அன்புத் தம்பி டெஸ்மண்டுக்கு,

நான் நலம். நீயும் உன் ஸ்டுடியோவில் உள்ள பத்துப் பேரும் வேளாவேளைக்குச் சாப்பிட்டு, வெயிலையும் கொஞ்சம் பார்த்து, சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். மின்னஞ்சலில் எழுதினால் உன் அலுவலகமே படிக்கிறது. அதனால் தபால்தலை ஒட்டுகிறேன்.

நீ கேட்ட வேலையை ஏற்றுக்கொள்கிறேன். முதல் உலகப் போரை வைத்து நீங்கள் செய்யும் கணினி வியூக விளையாட்டுக்கு ஓர் ஆரம்பகால டாங்கி வேண்டும், அது எப்படி நகரும், எப்படித் திரும்பும், எதனால் மாட்டிக்கொள்ளும் என்று விதிகள் எழுதித் தர வேண்டும் என்றாய். டாங்கி பிறந்த ஊரில், ஆயுள் முழுக்க இயற்பியல் சொல்லிக்கொடுத்த அக்கா இருக்கும்போது வேறு யாரைக் கேட்பேன் என்றும் எழுதியிருந்தாய். புகழ்ந்தால் மயங்குவேன் என்பதை நீ மறக்கவில்லை.

நேற்று அருங்காட்சியகத்துக்குப் போனேன். அங்கே இருப்பது நீ கேட்ட வண்டிக்கு அடுத்து வந்தது. ஆனால் உள்ளே ஏற்பாடு ஏறக்குறைய ஒன்றுதான். ஏறிப் பார்க்க விட்டார்கள். நிமிர்ந்து நிற்க முடியாது. நட்டநடுவில் எஞ்சின், அதைச் சுற்றி எட்டுப் பேர். வெப்பம், புகை, காது கிழியும் சத்தம்.

இப்போது கவனி. ஒரு படகில் இருவர் துடுப்புப் போடுகிறார்கள் என்று வை. இடது பக்கத்து ஆள் கையை நிறுத்தினால் படகு இடப்பக்கம் திரும்பும். டாங்கியும் அப்படித்தான், ஒரு பக்கத்துச் சங்கிலிப் பட்டை ஓயவேண்டும், மற்றது ஓடவேண்டும். ஆனால் இந்த வண்டியில் ஒரு பக்கத்தை மட்டும் ஓயவைக்க ஓட்டுநரால் முடியாது. நன்றாகத் திரும்புவதென்றால் முதலில் வண்டி நிற்கவேண்டும். பேசினால் கேட்காது, ஆகவே எஞ்சின் மூடியில் இரும்பால் தட்டி, கையைக் காட்டி, பின்னால் இருக்கும் இருவருக்குச் சொல்லவேண்டும். அவர்களில் ஒருவர் ஒரு பக்கத்துக் கியரை எடுப்பார். ஓட்டுநருக்குப் பக்கத்தில் இருப்பவர் பிரேக்கைப் பிடிப்பார். வண்டி திரும்பியதும் மறுபடி நிறுத்தி, கியரைப் போட்டு, கிளம்பவேண்டும். மொத்தம் நான்கு பேர் வேலை.

நின்ற வண்டியைச் சுடுவது சுலபம். அது அந்த எட்டுப் பேருக்கும் தெரியும். தெரிந்தும் நிறுத்தினார்கள். நான் எழுதும் விதிகளில் முக்கியமானது இந்த நிற்பதுதான். மற்றதையெல்லாம் நீ எப்படி வேண்டுமானாலும் மாற்றிக்கொள்.

உன் அன்பு அக்கா,
யூனா

---

லெமிங்டன்,
6 மார்ச் 2014

அன்புள்ள அக்காவுக்கு,

உன் விதிகள் வந்து சேர்ந்தன. பாடத்திட்டம் மாதிரி வரிசையாக, ஓரத்தில் படங்களுடன். என் ஆட்கள் சுவரில் ஒட்டி வைத்திருக்கிறார்கள்.

எங்கள் நிரலாளர் ஃபெர்கஸைப் பற்றிச் சொல்லியிருக்கிறேன் அல்லவா, பெல்ஃபாஸ்ட்காரன், வாயை மூடவே தெரியாதவன். படித்துவிட்டு, "இது டாங்கியா, ஊர்ப் பஞ்சாயத்தா? லெஃப்ட்ல திரும்ப நாலு பேரு கையெழுத்துப் போடணுமா?" என்று கேட்டான். எல்லோரும் சிரித்தார்கள். பிறகு அவனே மூன்று நாளில் செய்து முடித்தான். வண்டி நிற்கிறது, 'டங் டங்' என்று தட்டும் சத்தம் கேட்கிறது, பெருமூச்சுவிட்டுக்கொண்டு திரும்புகிறது. அழகு.

ஒரே கவலை. ஆட்டக்காரர்கள் பொறுமையில்லாதவர்கள். அடுத்த வாரம் வெளியாட்களை வைத்துச் சோதனை நடக்கிறது, பார்ப்போம். நீ ஈஸ்டருக்கு வருவதாகச் சொல்லிவிட்டு ஏமாற்றாதே. வரும்போது உங்கள் ஊர் சாஸேஜ் கொண்டு வா. இங்கே விற்பதில் இறைச்சியே இல்லை, வெறும் ரொட்டித்தூள்.

அன்புடன்,
டெஸ்மண்ட்

---

லிங்கன்,
2 ஏப்ரல் 2014

டெஸ்மண்ட்,

புதிய பதிப்பை அனுப்பியிருந்தாய். திறந்தேன். என் டாங்கி போர்க்களத்தில் தட்டாமாலை சுற்றுகிறது. ஓடுகிற ஓட்டத்திலேயே திரும்புகிறது, பின்னால் போகிறது, மறுபடி திரும்புகிறது. சேற்றில் முப்பது டன் இரும்பு நடனம் ஆடுவதை இந்த வயதில் பார்க்கவேண்டும் என்று என் தலையில் எழுதியிருக்கிறது.

ஃபெர்கஸுக்குத் தொலைபேசினேன். பிள்ளை சந்தோஷமாகப் பேசினான்.

"பாத்தீங்களா டீச்சர்? திரும்புறப்ப வண்டி உறைஞ்சு போவுதுன்னு சோதனை பண்ணவங்க எல்லாரும் எழுதிட்டாங்க. வெள்ளிக்கிழமை முழுக்க உக்காந்து சரி பண்ணிட்டேன்."

"எதைப்பா சரி பண்ணினே?"

"நிக்கிறதத்தான்."

"அது நிக்கணும்னுதானே எழுதினேன். நீதானே செஞ்சே."

"ஐயையோ," என்றான். "பிழைப் பட்டியல்ல வந்துச்சு டீச்சர். பட்டியல்ல வந்தா கை தானா சரி பண்ணிடுது."

அவன்மேல் எனக்குக் கோபமில்லை. என்னிடம் படித்த ஒரு பெண், ஊசல் சோதனையில் தனக்கு வந்த அளவுகளையெல்லாம் அழித்துவிட்டு, புத்தகத்தில் இருந்த விடைக்குப் பொருந்துகிற மாதிரி எழுதிக்கொண்டு வந்தாள். ஏமாற்றவேண்டும் என்று நினைக்கவே இல்லை. தன் ஊசல்தான் தப்பு என்று உண்மையாகவே நம்பினாள். ஃபெர்கஸும் அப்படித்தான்.

ஆனால் அது பிழை இல்லை என்று உனக்குத் தெரியும். இந்த வாரத்துக்குள் பழையபடி மாற்றச் சொல்.

யூனா

---

லெமிங்டன்,
14 ஏப்ரல் 2014

அன்புள்ள அக்கா,

மாற்ற முடியாது. இதைத் தொலைபேசியில் சொல்ல எனக்குத் தைரியம் வரவில்லை.

எங்கள் வெளியீட்டாளர் ஃபெர்கஸின் பதிப்பைப் பார்த்துவிட்டார். 'இப்போதுதான் ஓட்டுவதற்குச் சுகமாக இருக்கிறது' என்றார். பழையபடி நிற்கவைப்போம் என்றேன். மேஜைமேல் பேனாவை வைத்துவிட்டு, "டெஸ்மண்ட், காசு குடுத்து வாங்குறவன் வண்டி நின்னா, கேம் கெட்டுப்போச்சுன்னுதான் நினைப்பான். அவன்கிட்ட போயி நீ வரலாறு சொல்லிட்டு இருப்பியா?" என்று கேட்டார். அவர் சொல்வதும் பொய்யில்லை, அக்கா. சோதனைக்கு வந்தவர்களில் பாதிப் பேர் டாங்கியைக் கண்ட இடத்தில் ஆட்டத்தை மூடிவிட்டார்கள்.

ஒரு வழி கண்டுபிடித்திருக்கிறேன். அமைப்புகள் பக்கத்தில் ஒரு பொத்தான் வைக்கிறேன். 'வரலாற்றுத் திருப்பம்' என்று பெயர். வேண்டுமென்பவர் அழுத்தினால் உன் டாங்கி வரும். அழுத்தாதவர்களுக்கு ஃபெர்கஸின் டாங்கி. இரண்டு பேருக்கும் நியாயம்.

தயவுசெய்து பிடிவாதம் பிடிக்காதே. இந்த ஒப்பந்தம் போனால் என் பத்துப் பேரும் வேறு வேலை தேடவேண்டும். நீ எப்போதும் சிவப்பு மையைக் கையில் வைத்துக்கொண்டே இருக்கிறாய். என் வாழ்க்கை உன் வகுப்பு இல்லை, அக்கா. சில சமயம் அறுபது மார்க் வாங்கித் தேறுவதே பெரிய காரியம்.

டெஸ்மண்ட்

---

லிங்கன்,
28 ஏப்ரல் 2014

அன்புத் தம்பி,

உன் கடிதத்தை மடித்து வைத்துவிட்டு, கோபம் ஆறட்டும் என்று ஈஸ்டருக்கும் வராமல் காத்திருந்தேன். பாதிதான் ஆறியது. மீதியோடு எழுதுகிறேன்.

முதலில் உன் பொத்தான். புவியீர்ப்பு வேண்டுமென்பவர் அழுத்தலாம் என்று ஒரு பொத்தானை யாராவது வைப்பார்களா? அதை யாரும் அழுத்தமாட்டார்கள், டெஸ்மண்ட். அதற்காகத்தான் அதை அந்தப் பக்கத்தில் வைக்கிறாய். எனக்கு வேண்டாம்.

இரண்டாவது, ஆட்டத்தை மூடிவிட்டுப் போனவர்கள். நியாயமான கேள்வி, அதனால் நானும் ஒரு சோதனை செய்தேன். ஞாயிற்றுக்கிழமை மதியம் என் வினாடி வினா அணியை வீட்டுக்கு அழைத்தேன். முன்பு பேருந்து ஓட்டிய கிளெம், இறைச்சிக் கடை டிலிஸ், அடுத்த வீட்டு ஹெட்லி, நான். ஃபெர்கஸ் முதலில் செய்த பதிப்பு என் கணினியில் இன்னும் இருக்கிறது. அதில் திருப்பும் வேலையை விசைப்பலகையின் நான்கு விசைகளாகப் பிரித்து ஆளுக்கு ஒன்று கொடுத்தேன். வானொலியை முழுச் சத்தத்தில் வைத்தேன். பேசக்கூடாது. ஓட்டுநர் கேக் தட்டில் கரண்டியால் தட்டலாம், அவ்வளவுதான்.

ஓட்டுநர் கிளெம். அதில் அவனுக்கு ஒரே பெருமை. "நகருங்கடா, நான் டபுள் டெக்கர் பஸ்ஸே ஓட்டினவன்," என்றான். முதல் திருப்பத்திலேயே செத்தோம். டிலிஸ் வானொலியை அணைத்துவிட்டுக் கத்தினாள்: "ஏன்யா, தட்டுறியா, தாளம் போடுறியா? ஒரு தடவை தட்டினா எந்தப் பக்கம், ரெண்டு தட்டினா எந்தப் பக்கம்னு சொல்லித் தொலைக்க மாட்டியா?"

"உனக்குக் காது எங்க இருக்கு? சாஸேஜுக்குள்ளயா?" என்றான் கிளெம்.

மறுபடி செத்தோம். ஹெட்லி பதற்றத்தில் தப்பான பக்கத்துக் கியரை எடுத்து எங்களைப் பள்ளத்தில் இறக்கினான். ஆனாலும் யாரும் விலகிப் போகவில்லை. தேநீர் ஆறிப்போய்விட்டது. கடைசியாக ஒரு முறை, எதிரே ஒரு பீரங்கி எங்களையே பார்த்துக்கொண்டிருக்க, கிளெம் நிறுத்தினான். தட்டினான். ஹெட்லி எடுத்தான், நான் பிரேக்கைப் பிடித்தேன், வண்டி திரும்பியது, டிலிஸ் கியரைப் போட்டாள். தப்பித்தோம்.

ஆரவாரம் எதுவும் இல்லை. டிலிஸ் மட்டும் கையைத் துடைத்துக்கொண்டு, "நாம நின்னப்ப அவன் நம்மளயேதானேடி பாத்துட்டு இருந்தான்," என்றாள்.

இதைத்தான் நான் உன் ஆட்டத்தில் வைத்தேன். இதைத்தான் உன் வெளியீட்டாளர் எடுத்துவிட்டார். நிற்கத் தேவையில்லாத டாங்கியில் இருப்பவனுக்குத் தைரியமும் தேவையில்லை. அப்புறம் உள்ளே எட்டுப் பேர் எதற்கு?

உன் பத்துப் பேரின் பிழைப்பு எனக்குப் பெரிது. அவர்களை வைத்து நீ என்னைப் பயமுறுத்துவது பிடிக்கவில்லை. அவர்களைக் கேட்டாயா?

முடிவாகச் சொல்கிறேன். வண்டி நின்று திரும்பினால் ஆட்டத்தில் என் பெயர் இருக்கட்டும். இல்லையென்றால் என் பெயரை எடுத்துவிடு. என் விதிகளை நான் கேட்கிறவர்களுக்கெல்லாம் இலவசமாகக் கொடுப்பேன். அவை ஒப்பந்தப்படி உனக்குச் சொந்தம் என்று தெரியும். வழக்குப் போடு. கூண்டில் நின்று, டாங்கி எப்படித் திரும்பும் என்று நீதிபதிக்குப் படம் போட்டு விளக்குகிறேன்.

அறுபது மார்க் பற்றி எழுதினாய். கணக்குத் தப்பாகி அறுபது வாங்கியவனுக்கு நான் கைகொடுத்திருக்கிறேன். சரியான விடையை எழுதி, பிறகு அடித்துவிட்டவனுக்கு இல்லை.

யூனா

---

லெமிங்டன்,
23 மே 2014

அன்புள்ள அக்காவுக்கு,

இத்தனை நாள் பதில் எழுதாததற்குக் காரணம், என்ன எழுதுவதென்று தெரியவில்லை. வக்கீலைப் பார்த்துக்கொண்டிருந்தேன் என்று நீ நினைத்திருப்பாய். ஒரு நாள் பார்க்கவும் செய்தேன். "சொந்த அக்கா மேலயா?" என்று கேட்டுவிட்டு அவர் என்னைப் பார்த்த பார்வையில் காப்பியைக்கூட முடிக்காமல் எழுந்து வந்துவிட்டேன்.

'அவர்களைக் கேட்டாயா' என்று எழுதியிருந்தாயே, நான் கேட்டிருக்கவில்லை. உன் கடிதத்தை மதியச் சாப்பாட்டு நேரத்தில் பத்துப் பேர் முன்னால் சத்தமாகப் படித்தேன். என்னைத் திட்டிய இடங்களையும் விடவில்லை. படித்து முடித்ததும், ஒப்பந்தம் போனால் கையில் இருக்கும் பணம் கோடை முடியும்வரைதான் தாங்கும் என்பதையும் சொன்னேன். பிறகு ஃபெர்கஸ் சாண்ட்விச்சைக் கீழே வைத்தான். "பிழைன்னு நினைச்சு சரி பண்ணினது நான். இப்ப தெரிஞ்சே அப்படியே விட்டா அதுக்கு என்ன பேரு?" என்றான்.

எட்டுப் பேர் வண்டி பழையபடி நிற்கட்டும் என்றார்கள், இரண்டு பேர் ஒத்துக்கொள்ளவில்லை. ஒருவன் மனமில்லாமல் தங்கிவிட்டான். இன்னொருத்திக்குப் போன வருடம்தான் குழந்தை பிறந்தது. அவள் வேறு இடத்துக்குப் போகிறாள், நல்ல இடம்தான், நானே பேசி ஏற்பாடு செய்தேன். அவள் போவதற்கு நானும் காரணம், நீயும் காரணம். இதை உனக்குச் சொல்லாமல் இருக்க மாட்டேன்.

செவ்வாய்க்கிழமை லண்டன் போனேன். வண்டி நின்றுதான் திரும்பும், பொத்தான் கிடையாது என்று சொன்னேன். வெளியீட்டாளர் கத்தவில்லை. அது இன்னும் மோசம். "உங்க அக்கா சொன்னாங்களா?" என்றார். "அக்கா சொன்னாங்க. நான் சொல்றேன்," என்றேன். ஒப்பந்தம் முடிந்தது. ரயிலில் வரும்போது, இத்தனை வருடத்தில் நானாகச் சொன்ன முதல் வாக்கியம் அது என்று தோன்றியது.

ஆட்டத்தை நாங்களே வெளியிடப்போகிறோம். சிறியதாக, தாமதமாக. விற்குமா என்று தெரியாது. விற்காவிட்டால் ஸ்டுடியோவை மூடிவிட்டு உன் வினாடி வினா அணியில் சேர்ந்துகொள்கிறேன். உன் பெயர் ஆட்டத்தை உருவாக்கியவர்கள் பட்டியலில் இருக்கிறது. நீக்கச் சொல்லி எழுதாதே, நீக்கமாட்டேன். உனக்கு மட்டும்தான் பிடிவாதம் வரும் என்று நினைக்காதே.

இதை எழுதும்போதே பக்கத்து அறையில் சோதனை நடக்கிறது. நம் டாங்கி ஒரு பள்ளத்தின் முன்னால் நின்றிருக்கிறது. எதிரே பீரங்கி அதன் பக்கம் திரும்புகிறது. உள்ளே இருப்பவர்களுக்கு எதுவும் கேட்காது என்று விதி எழுதியவர்களும் அதைச் செய்தவர்களும் நாம்தான். இருந்தாலும் ஃபெர்கஸின் நாற்காலிக்குப் பின்னால் முண்டியடித்துக்கொண்டு எல்லோரும் திரையைப் பார்த்துக் கத்துகிறார்கள்: "கியரப் போடுங்கடா! டேய், போடுங்கடா!"

உன் தம்பி,
டெஸ்மண்ட்