உள்பக்கம் மரக்கவில்லை

மார்ச் 4, புதன்

இன்று அறையில் இருந்தவர்கள்: நான். தலையணை மேல் என் வலது கால். மகள். மகன், பாதி நேரம் வாசலுக்கு வெளியே போனில். எலும்பு டாக்டர். மயக்க மருந்து கொடுக்கும் சின்ன டாக்டர், பார்த்தால் என் பேத்திக்கு அக்கா மாதிரி இருக்கிறாள். பக்கத்துக் கட்டில்காரி, தூங்குவதுபோல் கிடந்து எல்லாவற்றையும் கேட்டவள். எழுதி வைக்கிறேன். நாளைக்கு யாரும் "நான் அப்போ அங்கே இல்லையே" என்று சொல்லிவிடக் கூடாது.

குளியலறை வாசலில் வழுக்கியதில் கணுக்கால் இரண்டு பக்கமும் உடைந்திருக்கிறது. வெளிப்பக்கம் பிளேட், உள்பக்கம் திருகாணி. என் மூச்சிரைப்புக்கு முழு மயக்கம் ஆகாது. முதுகில் போடும் ஊசி என் கோணல் முதுகில் நுழையாது. காலை மட்டும் மரக்க வைப்பார்கள். முட்டிக்குப் பின்னால் ஓர் ஊசி, முட்டிக்கு உள்பக்கம் ஓர் ஊசி.

இதில் ஒரு ஒப்பீடு வேறு நடக்கிறதாம். சிலருக்கு ஊசி வழியாகக் கொஞ்சம் கரண்ட் விடுவார்கள். நரம்புக்குப் பக்கத்தில் போனால் பாதம் துள்ளும், துள்ளிய இடத்தில் மருந்து. சிலருக்கு ஸ்கேன் வைத்து நரம்பை டிவியில் பார்த்துக்கொண்டே மருந்து. எது சீக்கிரம் மரக்கிறது, எது முழுசாக மரக்கிறது என்று பார்க்கிறார்கள். யாருக்கு எது என்பது ஒட்டிய உறைக்குள் இருக்கும். சேர விருப்பமா என்று சின்ன டாக்டர் கேட்டாள். மகன் போனைக் காதிலிருந்து எடுக்காமலே சொன்னான், "கையெழுத்துப் போடும்மா, எல்லாம் ஒண்ணுதான்."

"உன் கால்னா எல்லாம் ஒண்ணுதான்" என்றேன். கையெழுத்துப் போடவில்லை.

எனக்குக் கரண்ட் தெரியும். பல வருஷத்துக்கு முன்னால் இடது கணுக்கால் உடைந்தபோது இதே ஆஸ்பத்திரி, இதே கரண்ட். போட்டவர் ஒரு மீசைக்கார டாக்டர். கால்விரல்கள் தானாகத் தாளம் போட்டன, அவருக்கு ஒரே சந்தோஷம். வெளிப்பக்கம் வெட்டினார்கள், தெரியவில்லை. உள்பக்கம் வெட்டினார்கள். தெரிந்தது. உணருது என்றேன். "அது வலி இல்லம்மா, அழுத்தம்தான்" என்றார். என் கால் வலிக்கிறதா இல்லையா என்று அவர் எனக்குச் சொன்னார். முடிந்ததும் "நல்லா எடுத்துருச்சு" என்று நர்சிடம் சொன்னதை இந்தக் காதால் கேட்டேன். இப்போது அவர்தான் இங்கே மயக்க மருந்துப் பிரிவுக்குத் தலைவராம்.

"அந்த மீசை நல்லாவே இருக்க மாட்டான்மா" என்றாள் மகள். நான் ஆரம்பித்தால் முடித்து வைப்பது எப்போதும் அவள்தான். இந்த விஷயத்தில் மகன் ஒரு நாளும் வாய் திறந்ததில்லை.

மார்ச் 5

சின்ன டாக்டர் தனியாக வந்தாள். ஏன் கையெழுத்துப் போடவில்லை என்று கேட்டாள். திட்டவில்லை, சும்மா கேட்டாள். சொன்னேன். நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு கேட்டாள். கடிகாரத்தைப் பார்க்கவில்லை, நான் கவனித்தேன்.

பிறகு என் காலில் விரலால் கோடு போட்டுக் காட்டினாள். முட்டிக்குப் பின்னால் இருப்பது பாதத்தை ஆட்டி வைக்கிற நரம்பு. அதற்குக் கரண்ட் கொடுத்தால் பாதம் துள்ளும். "உள்பக்க நரம்பு எதையும் ஆட்டாதும்மா. தொட்டா தெரியும், சுட்டா தெரியும், வெட்டினா தெரியும். அவ்வளவுதான் அதோட வேலை. துள்ளாததால, கரண்ட் வழியில அந்த ஊசியை இங்கதான் இருக்கும்னு ஒரு குறிப்புல போடறோம். சில பேருக்குத் தவறிடும்."

என் இடது முட்டியின் உள்பக்கத்தைத் தடவிப் பார்த்தேன்.

"அப்ப நான் சொன்னது நிஜம்."

"நிஜமா இருக்கத்தான் வாய்ப்பு அதிகம்."

டாக்டர்கள் முழு வாயைத் திறக்க மாட்டார்கள். பரவாயில்லை. அரை வாய்க்கே இத்தனை வருஷம் காத்திருந்தேன்.

அப்படியென்றால் ஸ்கேனே போடேன், எதற்கு உறை என்று கேட்டேன். அதில் சேராவிட்டால் ஸ்கேன் மிஷின் காலியாக இருந்தால் போடுவாளாம். சேர்ந்தால், என் கால் என்ன சொல்கிறதோ அது கணக்கில் சேருமாம். போன தடவை என் கால் சொன்னதை யாரும் கணக்கில் சேர்க்கவில்லை. அதுதான் என்னை இழுத்தது.

என் நிபந்தனையைச் சொன்னேன். உணருது என்றால் கத்தி நிற்க வேண்டும். அடுத்து என்ன என்று என்னைத்தான் கேட்க வேண்டும். அழுத்தம் என்ற வார்த்தையை யாரும் எடுக்கக் கூடாது. "அந்த வார்த்தையே என் வாயில வராது" என்றாள். கையெழுத்துப் போட்டேன். நிதானமாக, ஒவ்வொரு எழுத்தாக.

மார்ச் 6

எலும்பு டாக்டருக்கு அவசர கேஸ். பட்டினி கிடந்தது வீண். நாளைக்காம்.

மார்ச் 8, ஞாயிறு

நேற்று முடிந்தது. வரிசையாக எழுதுகிறேன்.

உறையைப் பிரித்தார்கள். கரண்ட்.

சின்ன டாக்டரின் முகம் கொஞ்சம் மாறியது. "வேண்டாம்னா இப்பவே விலகிக்கலாம்மா, யாரும் ஒண்ணும் சொல்ல மாட்டாங்க" என்றாள். மாட்டேன் என்றேன். நான் விலகினால் அந்தக் கரண்ட் இன்னொருத்தி காலில் போய் நல்ல பேர் வாங்கிக்கொள்ளும்.

பாதம் துள்ளியது. அதே தாளம். பின்னால் போட்டு முடித்து, உள்பக்கமும் குறிப்பு வைத்துப் போட்டாள். அப்புறம்தான் ஐஸ் பொண்ணு உள்ளே வந்தாள். அவள் வேலை ஐஸ் வைத்துப் பார்த்து எங்கே சில்லிடுகிறது என்று கேட்பது. எந்த முறையில் போட்டது என்று அவளுக்குத் தெரியக் கூடாதாம், தெரிந்தால் மனசு ஒரு பக்கம் சாயுமாம். நானும் சொல்லக் கூடாதாம். என் வாய்க்கு யாரும் இதுவரை பூட்டுப் போட்டதில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு கிடந்தேன்.

உள்ளங்கால், இல்லை. மேல்பாதம், இல்லை. வெளிப்பக்கம், இல்லை. உள்பக்கம் — சில்லென்று இருந்தது. அவள் போய்விட்டுத் திரும்பி வந்து மறுபடி வைத்தாள். சில்லென்றுதான் இருந்தது. இன்னொரு தடவை. அப்போதும் அப்படியே.

எலும்பு டாக்டர் கதவில் தலையை நீட்டி, ஆரம்பிக்கலாமா என்றார். உள்பக்கம் இன்னும் உணருது என்றேன். "கொஞ்சம் அழுத்தமா—" என்று தொடங்கினார். சின்ன டாக்டர் திரும்பிப் பார்த்தாள். சத்தம் போடவில்லை.

"அவங்க உணருதுன்னு சொல்றாங்க சார். நிறுத்தியிருக்கோம்."

தலை கதவுக்குப் பின்னால் போய்விட்டது.

அவள் என் முகத்துக்கு நேராகக் குனிந்து, ஸ்கேன் வைத்து உள்பக்கம் இன்னொரு ஊசி போடட்டுமா என்று கேட்டாள். என்னை. மகனை இல்லை, மகளை இல்லை. போடு என்றேன். திரையை என் பக்கம் திருப்பினாள். கறுப்பாக ஒரு வட்டம் துடித்துக்கொண்டிருந்தது, ரத்தக்குழாய். அதை ஒட்டி வெள்ளையாக ஒரு பொட்டு. இத்தனை பாடு படுத்தியது இவ்வளவுதானா. ஊசி கோடு மாதிரி வந்தது, மருந்து அதைச் சுற்றிப் பரவியது. கொஞ்ச நேரத்தில் ஐஸ் வெறும் ஈரத்துணியாகி, அப்புறம் அதுவும் இல்லாமல் போயிற்று.

துளை போடுகிற சத்தம் எல்லாம் கேட்டது. பக்கத்து வீட்டில் மராமத்து நடப்பது மாதிரி. எனக்குச் சம்பந்தமே இல்லை.

முடிந்ததும் கேட்டேன், அப்ப ஸ்கேன்தானே உசத்தி? உங்க ஒரு காலை வச்சுச் சொல்ல முடியாதும்மா என்றாள். பின்பக்கம் கரண்டே நன்றாகத்தான் வேலை செய்ததாம், எல்லாரையும் பார்த்த பிறகுதான் பேச்சாம். "ஆனா உங்களைக் கரண்ட் பக்கத்துல தோல்வின்னுதான் சேர்ப்பேன்."

"பெரிசா எழுது" என்றேன். தோல்வி என்று எழுதியதற்குச் சந்தோஷப்பட்ட ஒரே ஆள் நானாகத்தான் இருப்பேன்.

மார்ச் 10

மீசை வந்தார். மகள் மருந்து வாங்கக் கீழே போயிருந்தாள். மீசை நரைத்துவிட்டது, முறுக்கு குறையவில்லை. பின்னால் சின்ன டாக்டர். சரியாக மரக்காத கேஸ்களை அவரே வந்து பார்ப்பாராம்.

"என் இடது கால் ஞாபகம் இருக்கா" என்றேன். இல்லை என்றார். ஞாபகப்படுத்தினேன். வெளியே மழை. விளக்கு ஒன்று விட்டு விட்டு எரிந்தது, அதை மாத்துங்கய்யா என்று அவர் கத்தினார். நர்சுக்கு ஜலதோஷம். சொல்லச் சொல்ல அவர் முகம் மெல்ல இறங்கியது. ஸ்டூலை இழுத்து உட்கார்ந்தார்.

"முதல் தடவை நீங்க சொன்னப்போ நான் நம்பலை. ரெண்டாவது தடவை சொன்னதும் நிறுத்திட்டேன்மா."

பொய் சொல்லாதீங்க என்றேன்.

வெட்டிய இடத்தில் மருந்து போட்டுப் பார்த்தாராம், சரியாக எடுக்கவில்லையாம். முழு மயக்கம் கொடுத்தால் என் நுரையீரல் தாங்குமா என்று பயமாம். "வெளியே போய் உங்க வீட்டு ஆள்கிட்ட ரெண்டையும் சொன்னேன். வலிச்சாலும் பரவாயில்லை, முடிச்சிருங்கன்னாங்க."

"யாரு? என் பையனா?"

"உங்க பொண்ணு."

கத்தி நின்றது உண்மைதான். நினைவு இருக்கிறது. அவர் டீ குடிக்கப் போனார் என்று நினைத்திருந்தேன். இத்தனை வருஷமும் அந்த டீக்குத் தனியாகத் திட்டிக்கொண்டிருந்தேன்.

அப்போது எனக்கு மரியாதை எல்லாம் போய்விட்டது. "நான் முழிச்சுக்கிட்டுத்தானே கிடந்தேன்? கால் என்னுது. என் தலைமாட்டைத் தாண்டிப் போய் அவளை ஏன்யா கேட்டே?"

சின்ன டாக்டர் தரையைப் பார்த்தாள். அவர் மீசையைத் தொடவில்லை, தொண்டையைச் செருமவில்லை. "உங்களைத்தான் கேட்டிருக்கணும்மா. தப்பு என்னுது" என்றார். எழுந்து போகும்போது ஸ்டூலை எடுத்த இடத்தில் வைத்துவிட்டுப் போனார்.

மார்ச் 11

மகளிடம் பேசவில்லை. என்னம்மா ஆச்சு என்று அவள் கேட்கவும் இல்லை. அதிலேயே தெரிந்துவிட்டது.

மார்ச் 13, வெள்ளி

வீட்டுக்கு வந்தாயிற்று. மகள் என் கட்டிலுக்கு விரிப்பு மாற்றிக்கொண்டிருந்தாள். கேட்டேன். கையை நிறுத்தாமல் பதில் சொன்னாள்.

"அப்பா போயி ரெண்டு மாசம்தான் ஆகியிருந்துச்சும்மா. மயக்கம் குடுத்தா நீ திரும்பி வருவியான்னு தெரியாதுன்னாரு. வலி போயிடும். நீ போயிட்டா?"

அதில் நான் என்ன குற்றம் சொல்ல முடியும். அவள் இடத்தில் நான் நின்றிருந்தாலும் அதையே சொல்லியிருப்பேன். சொல்லியும் விட்டேன் அவளிடம். அவள் அழ ஆரம்பித்தாள், முடிந்தது என்று நினைத்து.

முடியவில்லை. "அப்புறம் ஏன்டி என்கூடச் சேர்ந்து அந்த மனுஷனைத் திட்டினே?"

விரிப்பின் ஓரத்தைச் செருகினாள். செருகியதையே மறுபடி செருகினாள்.

"நீ திட்டறப்போ நான் சும்மா இருந்தா நீ கண்டுபிடிச்சிருப்பியேம்மா."

மார்ச் 14

மகனுக்கு இது தெரியுமாம். அதனால்தான் வாயைத் திறக்காமல் இருந்தானாம். ஊமையாக இருந்தவனைக் கல்நெஞ்சன் என்று நான் ஊர் முழுக்கச் சொல்லி வைத்திருக்கிறேன். போனில் கூப்பிட்டுப் பேசினேன். என்னம்மா உடம்பு சரியில்லையா என்று பயந்துவிட்டான்.

மார்ச் 20, வெள்ளி

நாளை தையல் பிரிக்கிறார்கள். மகள்தான் கூட்டிப்போகிறாள். அவள் தோளைப் பிடித்துக்கொண்டுதான் நடக்க வேண்டும், நடப்பேன். இன்று காலை எனக்குத் தலை வாரிவிட்டாள், சிக்கை மெதுவாக எடுத்தாள். நன்றாக வாருகிறாய் என்றும் சொன்னேன்.

மத்தியானம் பழக்க தோஷத்தில் மீசையைத் திட்ட வாயெடுத்தேன். ஒன்றும் வரவில்லை. அவரிடம் கேட்க வேண்டியதை முகத்துக்கு நேராகக் கேட்டுவிட்டேன், அவரும் ஒப்புக்கொண்டுவிட்டார். இனிமேல் அவர் யாரோ.

மகள் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் அவரைத் திட்டினால் அவளும் சேர்ந்துகொண்டிருப்பாள், எல்லாம் பழையபடி ஆகியிருக்கும். நான் திட்டவில்லை.

என்னை உயிரோடு வைக்க அவள் சொன்ன சொல்லுக்கு என்னிடம் கோபம் இல்லை. இதை யார் படித்தாலும் தெரிந்துகொள்ளட்டும். என் எதிரில் உட்கார்ந்து, என் தட்டில் சோறு போட்டுக்கொண்டே, தன் பங்கை மறைத்து அவரை மட்டும் காட்டி என்னைச் சபிக்க வைத்தாளே, தானும் கூடச் சேர்ந்து சபித்தாளே. அதற்கு மன்னிப்பு இல்லை. வயசானவள், காலம் ஆக ஆக இளகிவிடுவாள் என்று எல்லாரும் காத்திருக்கலாம். காத்திருக்கட்டும்.

நான் மன்னிக்காத ஆள்: என் மகள்.