ஜட்ஜம்மாவின் முதல் பொய்

மார்ச் 3

மழலையர் பள்ளியில் இடம் உண்டாம். ஒரே நிபந்தனை. "பாத்ரூம் வந்தா எப்படியாவது சொல்லத் தெரியணும் சார். வாயாலதான் சொல்லணும்னு இல்ல" என்றார் பெரிய டீச்சர். இரண்டு வாரம் அவகாசம்.

நம் பெண் ஜட்ஜம்மாவுக்கு நாலரை வயது. கழுத்து நின்றது தாமதம், உட்கார்ந்தது தாமதம், நடந்தது மூன்றே கால் வயதில். பேச்சு இன்னும் புறப்படவே இல்லை. யாரைப் பார்த்தாலும் தீர்ப்பு எழுதப் போகிறவள் மாதிரி இமைக்காமல் பார்ப்பாள். பெயர் வந்தது அதனால்தான்.

மார்ச் 4

பேச்சுப் பயிற்சி டீச்சர் ஒரு வழி சொன்னார். காது மடலை இழுத்தால் 'பாத்ரூம்' என்று அர்த்தம். நாங்கள் பாத்ரூம் போகும்போதெல்லாம் அவளுக்குச் செய்து காட்ட வேண்டுமாம். நானும் மனைவியும் நாள் முழுக்கக் காதை இழுத்துக்கொண்டு ஓடினோம். ஜட்ஜம்மா சோபாவில் உட்கார்ந்து விசாரணை நடத்தினாள்.

மார்ச் 6

என் மூக்குக்கண்ணாடிக் கடையில் ஒருவருக்கு ஃப்ரேம் மாட்டிவிட்டு, பழக்க தோஷத்தில் காதை இழுத்துக் காட்டிவிட்டு உள்ளே பாத்ரூமுக்குப் போனேன். திரும்பி வந்தால், "காதுல உறுத்துதுன்னு நான் சொல்லவே இல்லையே?" என்கிறார்.

மார்ச் 9

இழுத்தாள்! சாப்பாட்டு மேசையில். தன் காதை. தானாக!

தூக்கிக்கொண்டு ஓடினேன். சரியான நேரம். "ஊரைக் கூட்டாதே" என்று மனைவியிடம் சொல்லிவிட்டு, அக்காவுக்கு போன் போட்டுச் சொன்னது நான்தான்.

மார்ச் 12

பஸ்ஸில் காதை இழுத்தாள். பாதி வழியில் இறங்கி, மருந்துக் கடைக்காரரிடம் கெஞ்சி, பின்பக்கம் கூட்டிப்போய் உட்கார வைத்தால் — ஒன்றுமில்லை. என் முகத்தை ஏற இறங்கப் பார்த்தாள். அப்புறம் வயிறு குலுங்கச் சிரித்தாள். மறுபடியும் காதை இழுத்தாள். மறுபடியும் சிரிப்பு.

அடிப்பாவி! ஏமாத்திட்டா!

மார்ச் 13

பயிற்சி டீச்சரிடம் புகார் சொன்னேன். நாற்காலியை விட்டே எழுந்துவிட்டார். "பொய் சொல்றாளா? நீங்க என்ன நினைப்பீங்க, எப்படி ஓடுவீங்கன்னு யோசிச்சிருக்கா சார்! அதுக்கு எவ்வளவு மூளை வேணும் தெரியுமா?"

வரும் வழியில் ஐஸ்கிரீம். பெண் பொய் சொன்னதைக் கொண்டாடிய அப்பன் உலகத்தில் நான் ஒருவனாகத்தான் இருப்பேன்.

மார்ச் 17

பள்ளியில் இன்று ஒருநாள் வைத்துப் பார்த்தார்கள். பெரிய டீச்சரைப் பதினோரு தடவை ஓட வைத்திருக்கிறாள். எட்டு தடவை சும்மா. "யோசிச்சு நாளைக்குச் சொல்றேன்" என்றார். முகத்தில் சிரிப்பே இல்லை.

என்னத்த யோசிக்கப் போறாங்க? வேணாம்னுதான் சொல்லப் போறாங்க. நான்தான் கெடுத்தேன். அவ ஏமாத்தும்போதெல்லாம் நானும் கூடச் சேர்ந்து சிரிச்சா வேற என்ன ஆகும்? ஆனா எப்படி முறைக்கிறது — நாலு வருஷம் அந்தச் சிரிப்புக்குத்தானே காத்துக் கிடந்தேன்?

"குழந்தை விளையாடுச்சு, நீங்க ரசிச்சீங்க. இதுல என்ன தப்பு?" என்றாள் மனைவி. சொல்லிவிட்டு அவளும் சரியாகச் சாப்பிடவில்லை.

மார்ச் 18

போன் வந்தது. "மூணு தடவை நிஜம் சார். மூணையும் விடாம சொல்லிட்டா. நான் கேட்டது அவ்வளவுதானே? மிச்ச எட்டும் எனக்கு உடற்பயிற்சி."

திங்கள்கிழமை முதல்!

ஏப்ரல் 21

ஒரு மாதமாக எழுத நேரமில்லை.

இன்று பள்ளிப் பையில் ஒரு சீட்டு. 'கதை நேரத்தில் உங்கள் மகளும் பக்கத்துப் பிள்ளையும் ஓயாமல் சிரித்து வகுப்பைக் கெடுக்கிறார்கள். இருவரையும் பிரித்து உட்கார வைத்திருக்கிறேன். வீட்டில் கண்டிக்கவும்.'

மனைவி இரண்டு முறை சத்தமாகப் படித்தாள். 'இருவரையும்' என்ற இடத்தில் இரண்டு முறையும் நிறுத்தி, "நம்ம பொண்ணுக்குக் கூட்டாளி!" என்றாள்.

கீழே, பெற்றோர் கையொப்பம். ஒருவர் போட்டால் போதும். இருவரும் போட்டோம்.