அம்மாவின் இரண்டு நிமிடம்

3 மார்ச் 1979

அன்புள்ள தம்பிக்கு,

அம்மாவுக்குத் தொண்டை ஆபரேஷன் முடிந்து பத்து நாளாகிறது. உயிர் பிழைத்தாள். குரல் இனி வராதாம். எல்லாம் சிலேட்டில்தான். நேற்று எழுதினாள்: "சின்னவன் மிஷின்ல நான் பேசினேனே, அதை ஒரு தடவை கேக்கணும்."

பழைய போனோகிராஃபையும் மெழுகு உருளையையும் கட்டிக்கொண்டு அழுகிறாயே, அந்தப் பைத்தியத்தால் ஒரு நல்லது நடக்கட்டும். இரண்டையும் அனுப்பு.

அக்கா

20 மார்ச்

அன்புள்ள அக்கா,

எப்படிச் சொல்வேன்? அனுப்பும் முன் போட்டுப் பார்த்தேன். மெழுகுக்கு லேசான ஊசித்தலை வேண்டும். கெட்டியான செல்லுலாய்டு உருளைக்குப் போட்ட கனமான தலையை மாற்ற மறந்துவிட்டேன். "டேய், இந்தப் புனலுக்குள்ள கத்தினா யாருக்குடா கேக்கும்? போய்ச் சாப்பிடு" என்று அம்மா பேசப் பேச ஊசி மெழுகை உழுதுகொண்டே போனது. மறுபடி போட்டால் வெறும் இரைச்சல். என் கையை வெட்டிப் போடலாம்.

கோபப்படாதே. வாசலில் நிற்பவர்கள் உன் குரலைக் கேட்டு அம்மா என்றுதானே நினைப்பார்கள்? மிஷினோடு வெற்று உருளைகளும், பேச்சைப் பதிக்கும் தலையும் அனுப்புகிறேன். அம்மா பேசிய இரண்டு நிமிடத்தையும் எழுதி வைத்திருக்கிறேன். நீ பேசு. கரகரப்பில் வித்தியாசம் தெரியாது.

தம்பி

11 ஏப்ரல்

தம்பிக்கு,

உன்னைத் திட்டித் தீர்த்துவிட்டுத்தான் உட்கார்ந்தேன். அத்தான் அம்மாவை டாக்டரிடம் அழைத்துப்போன நேரத்தில் பேசினேன். நான்கு உருளைகளில் மூன்று என் அழுகையில் கெட்டன.

மாலையில் போட்டேன். அம்மா புனலோடு காதை ஒட்டிக்கொண்டாள். பிறகு எழுதினாள்: "எனக்கு இவ்வளவு நல்ல குரலா இருந்துச்சு!"

அக்கா

18 ஜூன்

தம்பிக்கு,

மிஷினை எடுத்துப்போக எப்போது வரலாம் என்று கேட்டிருக்கிறாய். வராதே. அம்மா தினமும் கேட்கிறாள்.

ஒருநாள் உருளை சுற்றிக்கொண்டிருக்கும்போது, "மருந்து குடிச்சியாம்மா?" என்றேன். புனலிலிருந்து தலையைத் தூக்கிப் புனலையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தாள். அன்றிலிருந்து அவள் எதிரில் நான் வாயைத் திறப்பதில்லை. தொண்டைக்கட்டு என்று அவள் சிலேட்டிலேயே எழுதிக் காட்டுகிறேன். இரண்டு மாதமாக.

நேற்று அவள் எழுதினாள்: "உனக்கும் என் நோய் வந்துடுச்சா? மறைக்காதேடி." என் கழுத்தைத் தடவித் தடவி அழுதாள். அழுகைக்கும் சத்தம் வரவில்லை.

நாளைக்கு என்னை அவளுடைய டாக்டரிடம் கூட்டிப்போகச் சொல்லி அத்தானிடம் எழுதிக் கொடுத்திருக்கிறாள். உண்மையைச் சொல்லிவிடலாம் என்று வாயெடுத்தேன், அந்தக் குரலை அவளிடமிருந்து மறுபடி பறிக்க மனசு வரவில்லை. டாக்டரிடம் போகத்தான் போகிறேன்.

எல்லாம் உன் யோசனை. இனி எனக்கு எழுதாதே.

அக்கா